குழாய் இல்லாத மூச்சு: தொண்டை அறுவையும் ஹை ஃப்ளோ ஆக்ஸிஜனும்

முழு மயக்கத்தில் வயிற்றிலோ காலிலோ அறுவை நடக்கும்போது நோயாளியின் மூச்சு முழுக்க மயக்க மருத்துவரின் கையில் இருக்கும். வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி வெண்டிலேட்டரோடு இணைத்துவிட்டால், அறுவை முடியும்வரை அந்த வழியில் வேறு யாரும் குறுக்கிடுவதில்லை. குரல்வளையில் அறுவை என்றால் நிலைமை வேறு. மூச்சு போகும் பாதையும் கத்தி படும் இடமும் ஒன்றே. மயக்க மருத்துவர் குழாய் வைத்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவருக்குப் பார்வை மறைகிறது. குழாயை எடுத்தால் நோயாளிக்கு மூச்சு இல்லை. ஒரே பாதைக்கான இந்தப் போட்டியில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த சமரசமே மூக்குவழியாக மிகுந்த வேகத்தில் செலுத்தப்படும் ஈரமான, சூடான ஆக்ஸிஜன். மருத்துவமனைகளில் இதை ‘ஹை ஃப்ளோ’ என்றே சொல்கிறார்கள்.

புதுச்சேரியில் இத்தகைய நோயாளிகள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். 1823இல் பிரெஞ்சு அரசு நகரத்துக்குள் தொடங்கிய மருத்துவப் பள்ளியே அதன் வேர். பிரெஞ்சு ஆட்சி கைமாறியபின் 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜவாஹர்லால் நேருவின் பெயரைப் பெற்று, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. புதுச்சேரி மட்டுமல்லாமல் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைகளின் தொண்டைப் பிரிவுக்கு வருவோரில் பலவகையினர் உண்டு. கத்திப் பேசியே தொழில் செய்து குரல் நாணில் முடிச்சோ சதைத் திரளோ வளர்ந்த ஆசிரியர்கள், கூவி விற்பவர்கள் ஒருவகை. பீடி, புகையிலைப் பழக்கத்தால் குரல்வளையில் புற்று வந்தவர்கள் இன்னொரு வகை. விபத்துக்குப் பிறகோ பூச்சிமருந்து நஞ்சுக்குப் பிறகோ வாரக்கணக்கில் வெண்டிலேட்டரில் கிடந்து, குழாய் உரசிய இடத்தில் தழும்பு கட்டி மூச்சுக்குழாய் சுருங்கிப்போனவர்கள் மூன்றாம் வகை. மூன்று வகையினருக்கும் அறுவை நடக்க வேண்டிய இடம் சில மில்லிமீட்டர் அகலமுள்ள அதே இடுக்குதான்.

முன்பிருந்த வழிகள்

இந்த இடுக்கில் வேலை செய்வதற்கு மயக்கவியலில் ஏற்கெனவே மூன்று நான்கு வழிகள் உண்டு. மெல்லிய குழாய் வைப்பது முதல் வழி. வழக்கமாகப் பெரியவர்களுக்கு 7 அல்லது 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் வைப்பார்கள். குரல்வளை அறுவைக்கு 5 மி.மீ. உள்விட்டக் குழாய் போதும். அதற்கும் வெளிவிட்டம் 7 மி.மீ. அளவுக்கு வந்துவிடும், குரல் நாண்களின் பின்பக்கத்தை அது மறைத்தே தீரும். நோய் அந்தப் பின்பக்கத்தில்தான் என்றால் பயனில்லை.

இரண்டாவது ஜெட் முறை. 1967இல் சாண்டர்ஸ் என்ற மருத்துவர் விவரித்த இம்முறையில், உயர் அழுத்த ஆக்ஸிஜனை ஊசிமுனைத் துளை வழியாகத் துடிப்புத் துடிப்பாக உள்ளே பாய்ச்சுவார்கள். பார்வை மறைவதில்லை. ஆனால் உள்ளே போன காற்று வெளியேற வழி அடைபட்டால் நுரையீரல் ஊதி வெடிக்கும் ஆபத்து உண்டு. மூன்றாவது, குழாயை எடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் அறுவை, மறுபடி குழாய் வைத்து ஆக்ஸிஜன் ஏற்றல் என்று மாற்றி மாற்றிச் செய்வது. ஒவ்வொரு தடவை குழாய் நுழையும்போதும் தொண்டை கொஞ்சம் வீங்கும். பாதை மிகவும் குறுகிய நோயாளிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பது கடைசி வழி. இன்றும் எந்த இயந்திரமும் அந்தத் துளைக்கு முழு மாற்றாகிவிடவில்லை.

இயந்திரத்தின் அமைப்பு

ஹை ஃப்ளோ கருவிக்கு நான்கு உறுப்புகள். காற்றையும் ஆக்ஸிஜனையும் வேண்டிய விகிதத்தில் கலந்து வேகமாகத் தள்ளும் பகுதி ஒன்று. ஆக்ஸிஜனின் அளவை 21 சதவீதத்திலிருந்து 100 சதவீதம்வரை திருகி வைக்கலாம். அடுத்தது, சூடான தட்டின் மேல் அமரும் நீர்க் கிண்ணம். கலவை அதன் வழியாகப் போகும்போது 37 டிகிரி வெப்பமும் முழு ஈரமும் பெறும். மூன்றாவது, உள்ளே சூடேற்றும் கம்பி ஓடும் நெளிகுழாய். வழியில் ஆவி குளிர்ந்து நீராகத் தேங்காமல் அது பார்த்துக்கொள்கிறது. கடைசி உறுப்பு மூக்கில் பொருத்தும் அகலமான மென்முனைகள். அவை மூக்குத் துளையை முழுதாக அடைத்துவிடக் கூடாது. துளையின் பாதி அளவே எடுத்துக்கொண்டு, மீதி இடம் காற்று வெளியேற விடப்பட வேண்டும்.

சாதாரண வார்டில் மூக்கில் மாட்டும் மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர்வரைதான் ஆக்ஸிஜன் போகும். பையுடன் கூடிய முகமூடியில் 15 லிட்டர். ஹை ஃப்ளோவில் 60, 70 லிட்டர்வரை போகும். அமைதியாக இருக்கும் ஒருவர் காற்றை உள்ளிழுக்கும் வேகமே நிமிடத்துக்கு 30 லிட்டர் கணக்கில் இருக்கிறது. மூச்சுத் திணறும்போது அது 60ஐயும் தாண்டும். சிறு குழாயால் தர முடியாத மிச்சத்தை அவர் சுற்றியுள்ள காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறார். அப்போது ஆக்ஸிஜன் நீர்த்துப்போகிறது. இழுக்கும் வேகத்துக்கு ஈடாகவே கருவி கொடுத்துவிட்டால் நீர்த்துப்போக இடமில்லை; திருகில் வைத்த அளவு ஏறத்தாழ அப்படியே நுரையீரலுக்குப் போகிறது.

சூடும் ஈரமும் சொகுசுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. நுரையீரலை அடையும் காற்றில் ஒரு லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவி இருக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையின் புழுக்கத்தில், 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில்கூட, ஒரு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 23 மில்லிகிராம்தான். மீதியை மூக்கின் ஈரச் சவ்வு சேர்த்துவிடுகிறது. சுவர்க் குழாயிலிருந்து வரும் மருத்துவ ஆக்ஸிஜனிலோ நீராவி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதை நிமிடத்துக்கு 60 லிட்டர் வேகத்தில் அப்படியே ஊதினால் சில நிமிடங்களில் மூக்கு எரியும். சளி காய்ந்து கட்டியாகும். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஓய்ந்துபோகும். நீர்க் கிண்ணம் இல்லாமல் இந்த வேகத்தை மனித மூக்கு தாங்காது.

இன்னும் இரண்டு பயன்கள் உண்டு. மூக்கிலிருந்து நுரையீரலின் கிளைக்குழாய்கள்வரை உள்ள பாதையில் எப்போதும் ஏறத்தாழ 150 மி.லி. காற்று தங்கியிருக்கும். மூச்சு விட்டபின் அதில் நிற்பது கரியமில வாயு கலந்த பழைய காற்று. அடுத்த மூச்சில் அதுவே முதலில் திரும்ப உள்ளே போகும். வேகமான ஓட்டம் அதன் மேல்பகுதியைக் கழுவிப் புதுக் காற்றை நிரப்பிவிடுகிறது. மற்றொன்று அழுத்தம். வாய் மூடியிருந்தால் தொண்டையில் சில செ.மீ. நீர் அளவுக்கு அழுத்தம் எழுந்து, சுருங்கிக்கிடக்கும் காற்றறைகளைத் திறந்து வைக்கும். வாய் திறந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். அறுவையின்போது வாய் அகலத் திறந்தே இருக்கும் என்பதால் அங்கே இதைப் பெரிதாக நம்ப முடியாது.

மூச்சு நின்றபின்

தொண்டை அறுவையில் இக்கருவி காட்டும் பெரிய வித்தை இது: நோயாளி மூச்சே விடாத நிலையிலும் அவர் உடலில் ஆக்ஸிஜன் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. குரல் நாண்கள் அசையக் கூடாது என்பதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்ததும் மூச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் நுரையீரலில் மிஞ்சியிருப்பது சுமார் இரண்டரை லிட்டர் காற்று. மோட்டார் நின்றபின் வீட்டுக்கு மேல்நிலைத் தொட்டி எப்படியோ, மூச்சு நின்றபின் உடலுக்கு அந்த இரண்டரை லிட்டர் அப்படி. வெறும் காற்றாக இருந்தால் அதில் ஆக்ஸிஜன் அரை லிட்டர்கூட இல்லை. உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. செலவழிப்பதால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மயக்கத்துக்கு முன்பே சில நிமிடம் தூய ஆக்ஸிஜனை இழுக்க வைத்தால் இருப்பு 2 லிட்டரைத் தாண்டும். ஆரோக்கியமான பெரியவருக்கு அது சுமார் 8 நிமிடம் தாங்கும். உடல் பருத்தவருக்கும் கர்ப்பிணிக்கும் இதைவிடக் குறைவு.

தொட்டிக்குத் தொடர்ந்து ஆக்ஸிஜன் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? காற்றறையிலிருந்து நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்ஸிஜன் இரத்தத்துக்குள் போகிறது. மாற்றாக அங்கே வெளிவரும் கரியமில வாயுவோ 10, 20 மி.லி. மட்டுமே, மிச்சம் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். போவது அதிகம், வருவது குறைவு என்பதால் நுரையீரலுக்குள் அழுத்தம் சற்றே இறங்குகிறது. அந்த இறக்கமே தொண்டையில் நிற்கும் ஆக்ஸிஜனைக் கீழே இழுக்கிறது. மார்பு அசையாமலே ஆக்ஸிஜன் உள்ளே நகர்வது இப்படித்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1959இல் அமெரிக்காவில் ஃப்ரூமின், எப்ஸ்டீன், கோஹன் ஆகிய மூவர், மூச்சு நிறுத்தப்பட்ட நோயாளிகளை மூச்சுக்குழாயில் வைத்த குழாய் வழி ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்து 18 முதல் 55 நிமிடம்வரை வைத்திருந்தனர். யாருக்கும் இரத்த ஆக்ஸிஜன் செறிவு விழவில்லை. ஆனால் இயல்பாக 40 மி.மீ. பாதரசம் அளவில் இருக்க வேண்டிய கரியமில வாயு அழுத்தம் ஒருவருக்கு 250ஐத் தொட்டது. ஆக்ஸிஜன் உள்ளே போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் இரண்டு தனித்தனி வேலைகள்; முதலாவது குறைவின்றி நடக்கும்போதே இரண்டாவது அடியோடு நின்றுபோயிருக்கலாம் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

2015இல் லண்டனில் பட்டேலும் நூரையும் வெளியிட்ட கட்டுரை இந்தப் பழைய கருத்துக்கு ஹை ஃப்ளோவின் மூலம் புதிய உயிர் கொடுத்தது. மூச்சுப்பாதை சிக்கலான 25 நோயாளிகளுக்கு மூக்குவழி நிமிடத்துக்கு 70 லிட்டர் ஆக்ஸிஜன் கொடுத்தனர். மூச்சு நின்ற நேரத்தின் இடைநிலை அளவு 14 நிமிடம். ஒருவருக்கு 65 நிமிடம். எவருக்கும் ஆக்ஸிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஓட்டமே இல்லாத பழைய முறையில் கரியமில வாயு அழுத்தம் நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. ஏறும், இங்கே ஏறியது ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். தொண்டைக்கு மேலே சுழலும் வேகக் காற்றும், இதயம் துடிக்கும்போது நுரையீரலில் எழும் சிற்றலைகளும் சேர்ந்து கொஞ்சம் கரியமில வாயுவை வெளியே கொண்டுவருவதே காரணம். இரண்டாண்டு கழித்து ஸ்வீடனில் குரல்வளை அறுவை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஏற்றம் நிமிடத்துக்கு 1.8 மி.மீ. அளவில் இருந்தது. வேகம் குறைந்தாலும் ஏற்றம் ஏற்றமே. 20 நிமிடம் மூச்சில்லாமல் இருந்தவருக்கு 40இல் தொடங்கிய அளவு ஏறத்தாழ 60க்கும் 75க்கும் இடையே வந்து நிற்கும்.

அறுவை அறையில்

முதலில் மூக்கு அடைப்பு உள்ளதா என்று பார்ப்பார்கள். தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே 30, 40 லிட்டரில் தொடங்கி, நினைவு போனதும் 70க்கு ஏற்றுவார்கள். தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடிப்பது இந்த இடைவெளியில் மிக முக்கியம். நாக்கு பின்னால் சரிந்தால் எவ்வளவு வேகமாக ஊதினாலும் ஆக்ஸிஜன் கீழே இறங்காது. பிறகு இரும்பாலான நோக்குக் குழலை வாய்வழி இறக்கித் தாங்கியில் பொருத்தி, நுண்ணோக்கியைக் கொண்டுவந்து அறுவை தொடங்கும்.

மயக்கத்தைத் தக்கவைக்க வாயு மருந்து இங்கே பயன்படாது. மூடிய சுற்று இல்லை என்பதால், ஊதிய மயக்க வாயு அறையில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். புரோபோஃபோல் போன்ற மருந்துகளை இரத்தநாளம் வழியாகவே சொட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும். இன்னொரு இழப்பும் உண்டு. வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவியின் அலைக்கோடு ஒவ்வொரு மயக்கத்திலும் மருத்துவருக்குத் துணை. இங்கே வெளிமூச்சே இல்லாததால் திரையில் கோடு எழாது. தோலில் ஒட்டும் உணரியோ இரத்தப் பரிசோதனையோதான் கணக்குச் சொல்லும். அவை இல்லாத இடத்தில் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ண வேண்டும்.

விழிக்கும் நேரம்

மயக்கம் கொடுக்கும் நேரத்தைவிட அது தெளியும் நேரத்தில் கவனம் குறைவாக இருப்பது மனித இயல்பு. பிரிட்டனில் 2011இல் வெளிவந்த நான்காம் தேசியத் தணிக்கை, மயக்கத்தின்போது ஏற்பட்ட கடுமையான மூச்சுப்பாதை விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தெளியும்போதோ அதன் பிறகோ நடந்ததாகக் கண்டது. இந்தியாவில் கடினமான மூச்சுப்பாதைகளுக்கான அகில இந்தியச் சங்கம் 2016இல் வழிமுறைகளை வெளியிட்டபோது, குழாயை வைப்பதற்குத் தந்தது போலவே எடுப்பதற்கும் தனியாக ஒரு வழிமுறை தந்தது.

குழாயில்லாத் தொண்டை அறுவையில் எடுப்பதற்குக் குழாய் இல்லை. அதனாலேயே இருமல், உரசல், குழாயைக் கடித்தல் போன்ற தொல்லைகள் குறைகின்றன. ஆனால் ஒரு மறைவான பாக்கி நிற்கிறது. விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 100 காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கரியமில வாயு தேங்கியிருக்கும். அளவு சற்றுக் கூடினால் அது மூச்சைத் தூண்டும். 80, 90ஐத் தாண்டினால் அதுவே மயக்கப் பொருளாகி நோயாளியை மறுபடி தூக்கத்தில் ஆழ்த்தும். மூச்சு மேலும் தளரும். தேக்கம் மேலும் கூடும். ஆக்ஸிஜன் தாராளமாகப் போய்க்கொண்டிருப்பதால் அந்தச் சரிவு ஆக்ஸிமீட்டரில் கடைசிவரை தெரியாது. ஆகவே அறுவை முடிந்ததும் முதல் வேலை கரியமில வாயுவை வெளியேற்றுவது. முகமூடியையோ, குரல்வளைமேல் அமரும் மென்கருவியையோ வைத்துச் சில நிமிடம் கையால் மூச்சுக் கொடுப்பார்கள். இப்போது அளவுக்கருவியின் அலைக்கோடும் திரும்ப எழும். எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தசைத் தளர்ச்சியை முறிப்பது. மணிக்கட்டின் உள்பக்கம் சுண்டுவிரல் பக்கமாக இரண்டு ஒட்டுமுனைகளை ஒட்டி, நான்கு சிறு மின்தூண்டல்களை வரிசையாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தூண்டலுக்கும் கட்டைவிரல் உள்நோக்கித் துடிக்கும். மருந்து மிச்சமிருந்தால் முதல் துடிப்பைவிட நான்காவது மங்கலாக இருக்கும். முதல் துடிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் நான்காவது வந்தால்தான் தசை தேறியதாகக் கணக்கு. கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்ல முடியாது; அளக்கும் கருவி தேவை. முறிப்பதற்கு நியோஸ்டிக்மினும், தளர்த்தும் மருந்தாக ரோகுரோனியம் கொடுத்திருந்தால் சுகமாடெக்ஸும் உண்டு. பின்னது ஆழ்ந்த தளர்ச்சியையும் சில நிமிடங்களில் முறித்துவிடும் என்பதால், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும் குட்டி அறுவைகளுக்கு ஏற்றது.

பிறகு தொண்டையை உறிஞ்சிச் சுத்தம் செய்வது. உள்நாக்குக்குப் பின்னே, மேல் அண்ணத்தின் மறைவில் ஓர் இரத்தக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கலாம். படுத்திருக்கும்போது அது கண்ணில் படாது. எழுந்து உட்காரும்போது நழுவிக் குரல்வளையை அடைத்துவிடும். நேரடியாகப் பார்த்தே அதை உறிஞ்ச வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்கும்போது ஹை ஃப்ளோவுக்கு மறுபடி வேலை வருகிறது. 30, 40 லிட்டர் வேகத்தில், ஆக்ஸிஜன் விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே தொடர்வார்கள். இறுக்கமான முகமூடி இல்லாததால் நோயாளி இருமலாம், பேசலாம், எச்சிலைத் துப்பலாம். ஈரம் காயாததால் புதிதாகச் சீவிய குரல் நாணில் சளி உலர்ந்து ஒட்டுவது குறையும். மார்பின் எழுச்சி, ஒரு நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கை, கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா என்பது—இம்மூன்றையும் ஆக்ஸிமீட்டரின் எண்ணுக்கு நிகராகச் செவிலியர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவி கைவிடும் இடங்கள்

குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளும் பிடிப்பு தொண்டை அறுவைக்குப்பின் எழக்கூடிய அபாயம். மூடிய கதவுக்கு வெளியே எவ்வளவு ஊதினாலும் பயனில்லை. தாடையை உயர்த்தி, முகமூடியால் தொடர் அழுத்தம் கொடுத்து, தேவையானால் சிறிது புரோபோஃபோலோ, தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியமோ செலுத்தியே அதைத் தளர்த்த வேண்டும். உள்ளிழுக்கும்போது ‘கீச்’ என்ற ஒலி எழுந்தால் அது வீக்கத்தின் அடையாளம். ஆவியாக்கிய அட்ரினலினும் ஸ்டீராய்டும் அப்போது மருந்து. எண் நன்றாக இருக்கிறதே என்று ஹை ஃப்ளோவை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தால், மீண்டும் குழாய் வைக்கும் முடிவு தாமதமாகும்.

குழந்தைகளுக்கு எடைக்கேற்ப வேகம் கணக்கிடப்படும். அவர்களுக்கும் ஆக்ஸிஜன் குறையாமல் இருக்கும் நேரம் நீள்கிறது. கரியமில வாயு வெளியேறுவதில் மட்டும் குறிப்பிடத்தக்க உதவி கிடைப்பதில்லை. மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்தவர்களுக்கும் மூக்கு முழுதும் அடைத்தவர்களுக்கும் இக்கருவி ஆகாது.

தீ மிகப் பெரிய எச்சரிக்கை. லேசரோ மின்சூட்டுக் கருவியோ பொறி தரும். பஞ்சும் திசுவும் எரிபொருளாகும். வாய் முழுக்க ஆக்ஸிஜன் நிரம்பியிருக்கும். இப்படி நெருப்பு பிடித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. லேசர் அறுவையில் ஆக்ஸிஜன் விகிதத்தை 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது பொதுவான விதி. விகிதத்தைக் குறைத்து, தேங்கியது கலையும்வரை காத்திருந்துதான் பொறியைத் தொட வேண்டும். அப்படிக் குறைத்தால் மூச்சில்லாத நேரமும் சுருங்கும். கத்தரி, இடுக்கி போன்ற சூடற்ற கருவிகளால் முடியும் அறுவைகளுக்கே ஹை ஃப்ளோ அதிகம் பொருந்துகிறது.

ஆக்ஸிஜன் செலவும் ஆய்வுகளின் முடிவும்

நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் மணிக்கு 3,600 லிட்டர். 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 1,500 லிட்டர் சிலிண்டர் 25 நிமிடத்தில் காலி. திரவ ஆக்ஸிஜன் ஒரு லிட்டர் ஆவியானால் 850 லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும் என்பதால், திரவத் தொட்டியும் சுவர்க் குழாயும் உள்ள பெரிய மருத்துவமனைகளே இதைத் தாராளமாக நடத்த முடியும். 2020, 2021 கொரோனா அலைகளில் இந்தியா முழுவதும் இக்கருவி பரவியபோது இந்தக் கணக்கு எல்லோருக்கும் உறைத்தது. அறுவையின்போது தேவைப்படுவது அரை மணி நேரம் என்பதால் அங்கே செலவு பெரிய தடையல்ல. மீட்பு அறையில் மணிக்கணக்கில் ஓட்டும்போதுதான் யோசிக்க வேண்டும்.

அப்படி ஓட்டுவதால் எல்லோருக்கும் பலன் உண்டா என்பதற்கு ஆய்வுகள் ஒரே விடை சொல்லவில்லை. 2016இல் ஸ்பெயினில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 527 பேரிடம் நடந்த ஆய்வில், வெண்டிலேட்டர் குழாயை எடுத்தபின் சாதாரண ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 12.2 சதவீதத்தினருக்கு மூன்று நாளுக்குள் மீண்டும் குழாய் வைக்க நேர்ந்தது. ஹை ஃப்ளோ பெற்றவர்களில் அது 4.9 சதவீதம். அதே ஆண்டு பிரான்சில் பெரிய வயிற்று அறுவை முடிந்த 220 பேரிடம் நடந்த ஆய்வில், ஹை ஃப்ளோவால் ஆக்ஸிஜன் குறைவு தடுக்கப்படவில்லை. இரண்டுமே தொண்டை அறுவை நோயாளிகளைப் பற்றியவை அல்ல. அரை மணி நேர அறுவை முடிந்து நன்றாக விழித்துவிட்டவருக்குச் சாதாரண முகமூடியே போதும். பாதை குறுகியவர், உடல் பருத்தவர், தூக்கத்தில் மூச்சடைப்பவர், நுரையீரல் நோயுள்ளவர்—இவர்களுக்கு வைத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அவர்களிலும் பழைய நுரையீரல் நோயால் ஏற்கெனவே கரியமில வாயு தேங்கியவருக்கு ஆக்ஸிஜன் விகிதத்தை அளந்தே தர வேண்டும். நோயாளி தெளிவாகப் பேசி, சீரான மூச்சுடன், கீச்சொலி இல்லாமல், குறைந்த ஆக்ஸிஜனிலேயே செறிவைத் தக்கவைத்தால் வேகத்தைக் குறைத்துக் கருவியைக் கழற்றிவிடலாம். அதன் பிறகும் சிறிது நேரம் மீட்பு அறையில் பார்த்துவிட்டே வார்டுக்கு அனுப்ப வேண்டும்.